சற்காரியமும் மான்செஸ்டர் இசைத்தட்டும்

காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்துள் சூட்சுமமாக இருந்ததா, அல்லது இல்லாதிருந்து புதிதாகத் தோன்றியதா என்பது நம் தரிசனங்கள் பல நூற்றாண்டுகள் ஓயாமல் வாதாடிய விஷயம். மண்ணில் குடம் முன்பே இருக்கிறது, குயவன் செய்வதெல்லாம் மறைந்திருந்ததை வெளிப்படுத்துவதே என்பது சாங்கியரின் சற்காரியவாதம். அப்படி இல்லையென்றால் மண்ணிலிருந்து துணியும் நூலிலிருந்து குடமும் தோன்றத் தடை என்ன என்று அவர்கள் கேட்பார்கள். குடத்தில் நீர் மொள்ளலாம், மண்கட்டியில் மொள்ள முடியாது, ஆகவே குடம் முன் இல்லாத ஒரு புதுப்பொருளே என்பது நையாயிகர் விடை. மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகள் சற்காரியத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் மண் தானாகக் குடமாகிவிடாது என்பதை வற்புறுத்தி, மண்ணாகிய முதற்காரணத்தோடு தண்டும் சக்கரமுமாகிய துணைக்காரணமும் குயவனாகிய நிமித்த காரணமும் கூடினாலன்றிக் காரியம் இல்லை என்று வகுத்தார்கள்.

குடமும் மண்ணும் வாதத்தை விளக்கப் போதுமே தவிர, அதன் முழுக் கனத்தையும் தாங்கமாட்டா. கேட்ட மாத்திரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கலைப்படைப்பை எடுத்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும்போதுதான் இந்தக் கேள்வி நமக்கு உயிருள்ள கேள்வி ஆகிறது. காரணங்கள் இன்னின்னவை என்று நாளும் இடமும் குறித்துக் காட்டக்கூடிய அண்மைக் காலத்துப் படைப்பாக அது இருந்துவிட்டால் விசாரணை இன்னும் தெளிவாக நடக்கும். அப்படி ஒன்றாக நான் எடுத்துக்கொள்வது, இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த 'ஜாய் டிவிஷன்' என்ற குழு 1979 ஜூன் மாதத்தில் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் வெளியீடாகக் கொண்டுவந்த 'அன்நோன் பிளஷர்ஸ்' என்ற முதல் இசைத்தட்டு.

இயன் கர்டிஸ் பாட, பெர்னார்ட் சம்னர் கிட்டாரும் பீட்டர் ஹூக் பேஸ் கிட்டாரும் ஸ்டீஃபன் மோரிஸ் டிரம்ஸும் வாசித்த பத்துப் பாட்டுகள் அதில் உண்டு. மொத்தம் 40 நிமிஷத்துக்கும் சற்றுக் குறைவு. பங்க் என்ற ஆவேச இசை 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தைக் கலக்கிவிட்டு ஓய்ந்தபின், அதே ஆவேசத்தைக் கத்தித் தீர்த்துவிடாமல் உள்முகமாகத் திருப்பிய இளைஞர்களின் இசைக்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் வழங்கலாயிற்று. அந்த வகையில் இதற்கு இணையாக வேறொரு முதல் தட்டைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கிட்டார் பின்னே ஒதுங்கி நிற்க, பேஸ் கிட்டார் மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பாட்டின் மெட்டைத் தானே சுமந்து வர, டிரம்ஸின் ஒவ்வோர் அடியும் ஆளொழிந்த ஒரு கட்டடத்துக்குள் விழுவதுபோல் தனித்தனியே கேட்க, இவற்றின் நடுவே கர்டிஸின் கனத்த குரல் எவரையும் விளித்துப் பேசாமலே எல்லாரிடமும் பேசுகிறது. நள்ளிரவில் தனியே கேட்பவனுக்கு இது துக்கம் என்று மட்டும் படுவதில்லை. துக்கத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கத் துணிந்த ஒரு தைரியமும் அதனுள் இருக்கிறது.

இனிக் காரணங்களைப் பார்ப்போம். 1976 ஜூன் 4-ஆம் தேதி, மான்செஸ்டர் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் கச்சேரிக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிறு கூட்டத்தில் இருந்த சம்னரும் ஹூக்கும், வித்தை தேர்ந்தவர்களே மேடை ஏறலாம் என்ற நியதி தம் கண்ணெதிரே உடைந்துபோனதைக் கண்டு, தாங்களும் ஒரு குழு அமைப்பதென்று தீர்மானித்தார்கள். மறுநாளே ஹூக் ஒரு பேஸ் கிட்டாரை வாங்கினார். அடுத்த மாதம் அதே மண்டபத்தில் நடந்த இரண்டாம் கச்சேரிக்குக் கர்டிஸும் வந்திருந்தார். எனினும் செக்ஸ் பிஸ்டல்ஸ் இவர்களுக்குத் தந்தது துணிவு மட்டுமே. சங்கீதம் வந்த வழி வேறு; கர்டிஸ் ஆசையோடு சேர்த்து வைத்துத் தோழர்களுக்கும் கேட்கக் கொடுத்த தட்டுகளின் வழியே அது வந்தது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட், டோர்ஸ், இக்கி பாப், டேவிட் போவி, ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் ஆகியோர் அந்தத் தட்டுகளில் முக்கியமானவர்கள். போவி 1977-இல் வெளியிட்ட 'லோ' தட்டில், பெரும்பகுதி சிந்தசைசரின் நீண்ட ஒலியாலேயே ஆன 'வார்சாவா' என்ற உருப்படியிலிருந்து தங்கள் குழுவுக்கு 'வார்ஸா' என்று ஒரு பெயரையே எடுத்துக்கொண்டார்கள். 'ஜாய் டிவிஷன்' பின்னால் வந்த பெயர். கிராஃப்ட்வெர்க்கின் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' அரங்கில் ஒலித்த பிறகே மேடைக்கு வருவது அவர்களிடையே ஒரு வழக்கமாக இருந்தது. மோரிஸோ, ஒரே தாளச் சுற்றை அலுக்காமல் வாசித்து அதையே ஒரு தியானமாக்கிவிடும் 'கான்' என்ற ஜெர்மானியக் குழுவின் ஜாக்கி லீபெட்ஸைட்டை மனத்தில் வைத்துப் போற்றியவர்.

பத்துப் பாட்டுகளில் ஒன்றான 'இன்டர்ஸோன்' பிறந்த விதம் இந்த விசாரணைக்கு மிகவும் பொருந்தியது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் என். எஃப். போர்ட்டர் 1971-இல் பாடிய ஒரு ஸோல் பாட்டு வட இங்கிலாந்தின் நடனக் கூடங்களில் பெரிதும் விரும்பப்பட்டு வந்தது. அதை இவர்களைப் பாடவைத்து வெளியிடலாம் என்று ஆர்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த சிலர் முயன்றார்கள். பாட்டு இவர்கள் கைக்கு அடங்கவில்லை. ஆனால் அதன் கிட்டார்த் துணுக்கு ஒன்று மட்டும் கையில் தங்கி, வேகம் மாறி, வேறு சொற்கள் ஏறி, வேறு பாட்டாகிவிட்டது. நடனமாடும் ஆனந்தத்துக்காக ஆன ஒரு துணுக்கு, இரவில் நண்பர்களைத் தேடி ஒரு நகரத்தில் அலைபவனின் பாட்டுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. சாங்கியர் இதைத் தம் பக்கத்துச் சான்றாகக் கொள்ளலாம். நையாயிகரும் அதே உரிமையோடு கொள்ளலாம்.

காரணங்களைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் வழிக்கு முடிவும் இல்லை. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் 'சிஸ்டர் ரே' என்ற நெடும்பாட்டை ஜாய் டிவிஷன் மேடையில் பாடியதுண்டு. வெல்வெட் அண்டர்கிரவுண்டில் வயோலா வாசித்த ஜான் கேல், அதற்கு முன் நியூயார்க்கில் லா மான்ட் யங் என்பவரோடு சேர்ந்து, ஒரே ஸ்வரத்தை நெடுநேரம் நிறுத்தி ஒலிக்கவிடும் இசையில் பழகியவர். யங் அந்த நோக்கத்துக்கு வந்ததற்கான காரணங்களுள் ஒன்று, அலி அக்பர் கான் சரோடில் வாசித்து 1955-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு தட்டு. அதில் பின்னணியாக ஓடும் தம்புராவின் சுருதி அந்த இளைஞரை ஆட்கொண்டது. ஆக, தம்புராவின் நாதத்திலிருந்து யங்குக்கும், அவரிடமிருந்து கேலுக்கும், கேலிடமிருந்து வெல்வெட் அண்டர்கிரவுண்டுக்கும், அங்கிருந்து மான்செஸ்டர் இளைஞர்களுக்கும் ஒரு நூல் இழையாக ஓடுகிறது என்பது சரித்திரம். ஆனால் இதைக் கேட்டவுடன், அந்தத் தம்புராவிலேயே 'அன்நோன் பிளஷர்ஸ்' அடங்கியிருந்தது, எல்லாம் நம்மிடமிருந்து போனதே என்று மார் தட்டத் தோன்றுமானால், அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அப்படிச் சொல்லும்போது நாம் சற்காரியத்தைப் பேசவில்லை, உடைமையைப் பேசுகிறோம். தம்புராவிலிருந்து வேறு ஆயிரம் வழிகள் பிரிந்தன. அவற்றில் இது ஒன்று. காரணத்துள் காரியம் இருக்கிறது என்பது உண்மையானால், ஒரு காரணத்துள் எண்ணற்ற காரியங்கள் இருக்கின்றன என்பதும் அதே அளவு உண்மை.

இந்த இடத்தில் ஒரு சம்பவம், விசாரணைக்காகவே எவரோ ஏற்பாடு செய்ததைப்போல் நடந்திருக்கிறது. மேலே சொன்ன ஆர்.சி.ஏ. ஊழியர்களின் முயற்சியால், 1978 மே மாதத்தில், இதே நால்வர் மான்செஸ்டரில் ஆரோ ஸ்டூடியோவில் ஒரு முழுத் தட்டுக்கு வேண்டிய பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். 'ஷேடோபிளே'யும் 'இன்டர்ஸோ'னும் அப்போதே அதில் உண்டு. பதிவை நடத்தியவர்கள் அதன்மேல் சிந்தசைசர் ஒலியைப் பூசியது குழுவினருக்குப் பிடிக்கவில்லை. முடிவில் அந்த ஒலிநாடாக்களைத் தாங்களே திருப்பி வாங்கி, வெளியீட்டையே நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் நகரத்து ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் 'அன்நோன் பிளஷர்ஸ்' பதிவாயிற்று. வாசித்தவர்கள் அவர்களே, இரண்டு பாட்டுகள் முன்பு வாசித்தவையே, நடுவில் கழிந்த காலமோ ஓராண்டுக்கும் குறைவு. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், முன்னது திறமையான பங்க் குழு ஒன்றின் வேலை என்று மதித்து மறந்துவிடலாம். பின்னதை மறக்க முடிவதில்லை. மண் ஒன்றாயிருக்கக் குடம் வேறானது எப்படி?

சித்தாந்திகளின் மூன்று காரணப் பாகுபாடு இங்கே எனக்குக் கை கொடுக்கிறது. பழைய தட்டுகளிலிருந்து பெற்றவையும், நால்வரின் கையும் குரலும் முதற்காரணம். துணைக்காரணங்களில் ஒன்று விசித்திரமானது: ஹூக்கிடம் இருந்த ஒலிபெருக்கி மட்டமானது, ஒத்திகையின் இரைச்சலில் கீழ் ஸ்தாயியில் தாம் வாசிப்பது தமக்கே கேட்காததால் அவர் மேல் தந்திகளுக்கு ஏறினார், அது நன்றாயிருக்கிறது என்று கர்டிஸ் சொல்ல, அதுவே அவர் பாணியாயிற்று. ஒரு குறையே காரணமாக முடியுமா? இன்மையையும் ஒரு பதார்த்தமாகக் கொண்டு, தடையின் இன்மையும் காரியத்துக்குக் காரணமாகும் என்று சொன்ன நியாய வைசேஷிகர் இதைக் கேட்டு வியந்திருக்க மாட்டார்கள். பாட்டின் மெட்டைப் பேஸ் கிட்டார் தாங்கும் இந்த வழி, எந்தப் பழைய தட்டிலிருந்தும் இவர்களுக்கு நேராக வந்ததன்று; கேளாத காதிலிருந்து வந்தது.

நிமித்த காரணத்தின் இடத்தில் நிற்பவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட். ரசாயனம் படித்த இந்த மனிதர், கருவிகள் ஒன்றின் ஒலி இன்னொன்றில் கலவாதபடி பிரித்துப் பிரித்துப் பதிவுசெய்வதில் பிடிவாதம் உடையவர். டிரம்ஸைக்கூடத் துண்டு துண்டாக வாசிக்கச் செய்து, அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் எதிரொலிக் கருவியின் வழியே அவற்றை அனுப்பி, ஒவ்வோர் அடிக்கும் தனியாக ஒரு தூரத்தை உண்டாக்கினார். 'இன்சைட்' என்ற பாட்டில் கர்டிஸின் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கொண்டுவந்து பதிவுசெய்தார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் லிஃப்ட்டின் ஓசை கேட்கிறது. கடைசிப் பாட்டில் கண்ணாடி உடைகிறது. சப்தம் ஆகாசத்தின் குணம் என்று வைசேஷிகர் சொல்லிவைத்தார்கள். பொதுவாக நாம் குணத்தைக் கேட்கிறோமே ஒழிய, குணியைக் கேட்பதில்லை. ஹானட் செய்த அருஞ்செயல், சப்தங்களுக்கு நடுவே இடம் விட்டு விட்டு, அந்த ஆகாசமே காதில் படும்படி செய்ததுதான். இந்த விரிவு போவியிடம் இல்லையா, கிராஃப்ட்வெர்க்கிடம் இல்லையா என்றால், அவர்களிடமும் உண்டு. ஆனால் அவர்களிடம் அது பயணம் செய்கிறவன் காணும் வெளி. இங்கே அது உள்ளே அகப்பட்டுக்கொண்டவன் உணரும் வெளி.

இதைக் குழுவினரே விரும்பவில்லை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மேடையில் தாங்கள் உரக்கவும் உக்கிரமாகவும் வாசித்த இசையை ஹானட் அடக்கிவிட்டார் என்று சம்னரும் ஹூக்கும் குறைப்பட்டார்கள்; அவர் செய்தது நல்ல காரியம் என்று ஹூக் ஒப்புக்கொண்டது பின்னாளில். ஆகவே, காரியம் வாசித்தவர்களின் சங்கற்பத்தில் இருந்தது என்று சொல்ல வழியில்லை. ஹானட்டின் சங்கற்பத்தில் மட்டும் இருந்தது என்றும் சொல்லக்கூடாது. வேறு குழுக்களையும் அவர் பதிவுசெய்திருக்கிறார், எல்லாம் இப்படி ஆகிவிடவில்லை. எவர் மனத்திலும் முழுதாக இல்லாத ஒன்று எல்லாருடைய கூட்டுறவிலும் வெளிப்பட்டது. மறைந்திருந்தது வெளிப்பட்டது என்ற சாங்கியரின் சொல் எனக்கு இப்போதும் சரியாகவே படுகிறது. ஆனால் இன்னதுதான் வெளிப்படும் என்று காரணத்தைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல எவராலும் ஆகாது என்பதால், அது வந்த அந்த நாளில் உலகத்துக்கு அது புதிதே என்ற நையாயிகரின் சொல்லும் பொய்யாகவில்லை.

தட்டின் உறையில் இருக்கும் படமும் இதையே நினைவூட்டுகிறது. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜாஸலின் பெல் கண்டறிந்த முதல் பல்ஸார் நட்சத்திரத்தின் ரேடியோத் துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்த வரிகள் அவை; வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் குழுவினர் கண்டெடுத்த அந்தப் படத்தை, உறையை வடிவமைத்த பீட்டர் ஸேவில் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக மாற்றி, முன்புறத்தில் குழுவின் பெயரோ தட்டின் பெயரோ இல்லாமல் அச்சிட்டார். அந்த நட்சத்திரம் ஏறத்தாழ 1.34 விநாடிக்கு ஒரு முறை, இம்மியும் பிசகாமல் துடிக்கிறது. ஆனால் வரிகளை உற்றுப் பார்த்தால் ஒரு துடிப்பின் உருவம் மற்றொன்றின் உருவத்தைப்போல் இல்லை. மூலம் ஒன்று, நியதி ஒன்று. ஆயினும் ஒவ்வொரு துடிப்பும் தன் உருவத்தைத் தானே கொண்டுவருகிறது.

இவ்வளவையும் நான் எழுத முற்பட்டதற்குக் காரணமான வருத்தத்துக்கு இப்போது வருகிறேன். 1980 மே 18-ஆம் தேதி, குழு முதன்முதலாக அமெரிக்காவுக்குப் புறப்பட இருந்த தறுவாயில், கர்டிஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 23. அதுமுதல் இந்தத் தட்டைக் கேட்பவர்களில் பலர், அந்த மரணத்தை இதனுள்ளேயே கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டையும் ஒரு முன்னறிவிப்பாகவும், ஒவ்வோர் அடியையும் ஒரு வாக்குமூலமாகவும் படிக்கிறார்கள். 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கர்டிஸ் மக்கிள்ஸ்ஃபீல்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில், உடற்குறை உள்ளவர்களுக்கு வேலை தேடித்தரும் பணியில் இருந்தவர். அங்கே அவரிடம் வந்த, வலிப்பு நோயால் வருந்திப் பின்னர் இறந்துபோன ஓர் இளம்பெண்ணை நினைந்து எழுதிய பாட்டு அது. பிறர் துன்பத்தைக் கண்டு நெகிழ்ந்த ஒரு மனிதரின் கருணை அதில் இருக்கிறது. அவருக்கும் அதே நோய் இருப்பது 1979 தொடக்கத்தில் உறுதியாயிற்று என்பதை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை அடியோடு மறந்துவிட்டு, பாட்டு முழுவதையும் அவருடைய மரண ஜாதகமாக்கிவிடுவது, அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் செய்யும் அநீதி.

தத்துவத்தில் இது சற்காரியத்தைத் தலைகீழாகப் பிடிக்கும் பிழை. காரியம் காரணத்துள் இருந்தது என்ற கொள்கை, வெளிப்படாத மற்றக் காரியங்கள் அதனுள் இல்லை என்று சொல்வதில்லை. ஒரு காரியம் நடந்துவிட்டது என்பதாலேயே காரணத்துள் அது ஒன்றே இருந்தது என்று கொள்பவன், சற்காரியவாதி அல்லன். மனித வாழ்வின் எல்லாக் கதவுகளையும் நடந்து முடிந்தபின் வெளியிலிருந்து பூட்டுகிறவன். வினைக்கொள்கையை ஆழ்ந்து சிந்தித்த நம் பெரியோர்கள், பிராரப்தத்தை ஒப்புக்கொண்டபோதும், அதை நுகரும் உயிருக்கு முயற்சியையும் அருளுக்கு வழியையும் விட்டே வைத்தார்கள். 'அன்நோன் பிளஷர்ஸ்' பதிவான அதே ஏப்ரல் மாதத்தில் கர்டிஸுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இருளை மட்டும் முன்குறியாகக் கொள்பவர்கள் இந்தப் பிறப்பை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

எஞ்சிய மூவரும் கில்லியன் கில்பெர்ட்டைச் சேர்த்துக்கொண்டு 'நியூ ஆர்டர்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 1983-இல் அவர்கள் வெளியிட்ட 'ப்ளூ மண்டே' ஏழு நிமிஷத்துக்கும் மேல் ஓடும் நடனப் பாட்டு. யந்திரத் தாளத்தின்மேல், கிராஃப்ட்வெர்க்கின் பழைய தட்டு ஒன்றிலிருந்து எடுத்த கூட்டுக் குரல் ஒலிக்க, ஹூக்கின் பேஸ் கிட்டார் முன்போலவே மேல் ஸ்தாயியில் மெட்டைத் தாங்கி வருகிறது. உலகமெங்கும் நடனக் கூடங்களில் ஜனங்கள் அதற்கு ஆடினார்கள், இன்றும் ஆடுகிறார்கள். அதே ஜெர்மானிய இசையும், மட்டமான ஒலிபெருக்கியால் பிறந்த அதே வாசிப்பும், போர்ட்டரின் துணுக்கைத் தந்த அதே வட இங்கிலாந்து நடனக் கூடங்களின் வாசனையுமாகிய முதற்காரணம், நான்கே ஆண்டுகளுக்குள் இப்படியும் ஒரு காரியமாக வெளிப்பட்டது. கர்டிஸ் உயிரோடிருந்து, அந்தத் தாளத்தின் நடுவே நின்று பாடும் ஒரு 1983-உம் அந்தக் காரணத்துள் இருந்தது என்றே நான் கொள்கிறேன்.